தோன்றா எழுவாய்: ஒரு நிறுவனத்தின் உரைநடை

வினைச்சொல் ஒன்றைக் கேட்டவுடன் ஆறு செய்திகள் நம் உள்ளத்தே தோன்ற வேண்டும் என்பது நன்னூல் கற்பிக்கும் பாடம். செய்தவன் யார், எக்கருவி கொண்டு செய்தான், எவ்விடத்தே செய்தான், செயல் யாது, காலம் எது, செய்யப்பட்ட பொருள் எது என்னும் ஆறும் வினைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவ்வரிசையில் செய்தவனுக்கே முதலிடம் தந்தார் பவணந்தி முனிவர். பேச்சிலும் எழுத்திலும் செய்தவன் பெயர் சில வேளைகளில் வெளிப்படாமல் நிற்பதுண்டு. ‘வந்தேன்’ என்னும் சொல்லில் ‘நான்’ என்பது தோன்றா எழுவாய். தோன்றாவிடினும் அது அங்கே உண்டு. வினைமுற்றின் விகுதியே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

செயப்பாட்டு வினையில் நிலைமை வேறு. ‘பாடம் படிக்கப்பட்டது’ என்றால் விகுதி பாடத்தையே சுட்டும். படித்தவனைக் காட்ட ‘கண்ணனால்’ என்று ‘ஆல்’ உருபேற்ற ஒரு சொல் தனியே வரவேண்டும். அச்சொல்லை விட்டுவிட்டாலும் தொடர் இலக்கணப் பிழையின்றி நிற்கும். இருபது ஆண்டுகளாக அரசு அலுவலகத்தில் கோப்பெழுதி வரும் என் போன்றோர்க்கு இவ்வசதி புதிதன்று. ஆங்கிலக் கோப்பாயினும் இந்திக் கோப்பாயினும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், எடுப்பவர் யார் என்று கேட்பார் இல்லை. எழுதியவருக்கு நிம்மதி, மனுச் செய்தவருக்குத்தான் அது இல்லை.

இந்த இலக்கணச் செய்தியைத் துணையாகக் கொண்டு ஒரு பெருநிறுவனத்தின் உரைநடையைத் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்காவின் முகநூல் நிறுவனமே அது. பர்மா என்று நம் முன்னோர் அழைத்த மியன்மாரில், ரோஹிங்கிய மக்களுக்கு நேர்ந்த பேரழிவில் தன் பங்கைப் பற்றி அந்நிறுவனம் வெளியிட்ட சொற்களே ஈண்டு ஆய்வுப் பொருள். நிறுவன அறிக்கை இலக்கியம் ஆகுமா என்று அன்பர்கள் வினவக்கூடும். கல்வெட்டும் செப்பேடும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் நம் உரைநடை வரலாற்றில் இடம் பெறுகின்றன. கோடிக்கணக்கானோர் வாழ்வைத் தொடும் ஒரு நிறுவனத்தின் அறிக்கையையும் அவ்வாறே சொல் சொல்லாகப் படிப்பதில் தவறில்லை என்பது என் துணிபு.

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் காண்போம். நெடுங்காலம் இராணுவ ஆட்சியில் இருந்த மியன்மாரில் கைப்பேசி இணைப்பு அட்டையின் விலை முன்னர்ச் சில நூறு டாலர்களாக இருந்தது. 2014 ஆம் ஆண்டில் வெளிநாட்டு நிறுவனங்கள் இரண்டு நுழைந்தவுடன் அது 1,500 கியாட், அதாவது ஏறத்தாழ ஒன்றரை டாலர் ஆயிற்று. மக்கள் ஒரே பாய்ச்சலில் இணையத்துக்கு வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர்க்கு இணையம் என்றாலே முகநூல்தான்.

அதே ஆண்டு சூலையில் மாண்டலே நகரில், தேநீர்க்கடை நடத்திய இசுலாமியர் ஒருவர் பௌத்தப் பணிப்பெண்ணைக் கெடுத்தார் என்ற வதந்தி முகநூலில் பரவிக் கலவரம் மூண்டது. இருவர் உயிரிழந்தனர், குற்றச்சாட்டோ பொய்யெனப் பின்னர்த் தெரிந்தது. ஆகவே எச்சரிக்கை 2014 ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். 2017 ஆகஸ்டு 25 அன்று போராளிக் குழுவொன்று காவல் நிலைகளைத் தாக்க, அதனைக் காரணம் காட்டி இராணுவம் ரோஹிங்கியச் சிற்றூர்களின் மீது பாய்ந்தது. 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து வங்கதேசத்தில் தஞ்சம் புகுந்தனர்.

இதனை ஐக்கிய நாடுகள் அவையின் மூவர் குழுவொன்று ஆராய்ந்தது. தலைவர் இந்தோனேசியாவின் மர்சுகி தாருஸ்மான். மற்றவர் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் சிடோட்டி. மூன்றாமவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசாமி. உயர் இராணுவத் தலைவர்களை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்று 2018 ஆம் ஆண்டில் இக்குழு அறிவித்தது. முகநூலின் எதிர்வினை தாமதமானது, பயனற்றது என்றும் வெளிப்படையாக எழுதியது. அத்தொடரில் எழுவாய் மறைந்து நிற்கவில்லை.

கொன்றவர்கள் இராணுவத்தினர் என்பதில் ஐயமில்லை. பொய்ப் பக்கங்களை உருவாக்கி வெறுப்பை விதைக்க இராணுவம் ஏறத்தாழ 700 பேரை அமர்த்தியிருந்தது என்று 2018 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு வெளியிட்டது. எல்லாப் பழியையும் ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் தலையில் ஏற்றுவது, துப்பாக்கி பிடித்தவனை விடுவிப்பதாகும். அது என் நோக்கமன்று.

இனி அறிக்கைக்கு வருவோம். முகநூல் நிறுவனம் தானே பி.எஸ்.ஆர். என்னும் ஆலோசனை அமைப்பைக் கொண்டு ஒரு மதிப்பீடு செய்வித்து, 2018 நவம்பர் 5 அன்று வெளியிட்டது. அதனோடு வந்த நிறுவனத்தின் குறிப்பு இப்பொருள் பட அமைந்தது: இவ்வாண்டுக்கு முன்பு, பிளவை வளர்க்கவும் வெளியுலகில் வன்முறையைத் தூண்டவும் தம் மேடை பயன்படுத்தப்படுவதைத் தடுக்க உதவும் அளவுக்குத் தாம் போதுமானவற்றைச் செய்து வரவில்லை என மதிப்பீடு கூறுகிறது, அதனைத் தாம் ஏற்கின்றனர், இன்னும் கூடுதலாகச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும்.

மேலோட்டமாகப் படிப்போர்க்கு இது நேர்மையான ஒப்புதலாகத் தோன்றும். அந்த அளவுக்கேனும் ஒப்புக்கொண்டார்களே என்று பலர் பாராட்டினர். ஆயினும் வினைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ‘பயன்படுத்தப்படுவது’ செயப்பாட்டு வினை. அதற்கு ‘ஆல்’ இல்லை. நடந்ததைப் பற்றிக் கூறுகையில் நிறுவனம் தன்னைத் தானே எழுவாயாக வைத்துக்கொண்ட இடம் ஒன்றே ஒன்று; அங்குள்ள வினையோ ‘செய்து வரவில்லை’ என்னும் எதிர்மறை. அதாவது, தீயன செய்தவர் பிறர். நாங்கள் நல்லன செய்வதில் சற்றுப் பின்தங்கினோம் என்பதே அதன் பொருள். தான் செய்த வினை ஒன்றுகூட அத்தொடரில் இடம் பெறவில்லை. எந்தப் பதிவு முதலில் வரவேண்டும் என்று வரிசைப்படுத்தியது யார்? ஒருவர் கேளாத பக்கத்தை அவர் கண்முன் நீட்டிப் பரிந்துரைத்தது யார்? அந்நேரமெல்லாம் விளம்பரம் விற்றது யார்? இவ்வினைகளுக்கெல்லாம் எழுவாய் உண்டு.

இவ்விடத்தில் நம் வேற்றுமையியல் கைகொடுக்கிறது. மூன்றாம் வேற்றுமை கருத்தாவையும் கருவியையும் உணர்த்தும். கருவியை முதற்கருவி, துணைக்கருவி எனவும், கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா எனவும் பகுத்தனர் நம் ஆசிரியர். மண்ணால் குடம் செய்தான் என்பதில் மண் முதற்கருவி. திரிகையால் செய்தான் என்பதில் திரிகை துணைக்கருவி. முகநூலின் வாதம் முழுதும் தன்னை ஒரு திரிகையாகக் காட்டுவதிலேயே நிற்கிறது. சுழற்றியவன் வேறு, மண் கொணர்ந்தவன் வேறு, எனக்கென்ன என்பது திரிகையின் கூற்று.

ஆனால் இத்திரிகை மண்ணைத் தானே தேர்ந்தெடுக்கிறது. 2017 ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம், பதிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கில், சினம் காட்டும் முகக்குறி உள்ளிட்ட குறிகளுக்கு, வெறும் விருப்பக் குறியைப் போல் ஐந்து மடங்கு மதிப்பளித்தது. இச்செய்தி 2021 அக்டோபரில் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளிவந்தபோது தெரிய வந்தது. சினமூட்டும் பதிவு மேலே ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்? ஐந்து என்ற எண்ணை ஒருவர் அறையொன்றில் அமர்ந்து எழுதியிருக்கிறார், மற்றொருவர் ஒப்பமிட்டிருக்கிறார். சினக்குறியின் மதிப்பைப் பூச்சியமாக்கியதும் 2020 ஆம் ஆண்டில் மனிதர் எடுத்த முடிவே. எண்ணை மாற்றும் கை உடையது கருவியாகாது, கருத்தாவாகும்.

எழுவாயை மறைப்பது இவர்களுக்கு இயல்பாய் அமைந்த நடைதானோ, இதில் உள்நோக்கம் தேடலாமோ என்று நானும் ஐயுற்றதுண்டு. 2018 ஏப்ரலில் நிகழ்ந்த ஒரு மடல் போக்குவரத்து அவ்வையத்தைத் தீர்த்தது. நிறுவனத் தலைவர் மார்க் சக்கர்பெர்க் ஒரு நேர்காணலில் மியன்மாரைப் பற்றிப் பேசினார். முந்தைய ஆண்டு, இசுலாமியர் தாக்கப் போகிறார்கள் என்று பௌத்தர்களுக்கும், பௌத்தர் தாக்கப் போகிறார்கள் என்று இசுலாமியர்க்கும் ஒரே வேளையில் தொடர்மடல்கள் பரவின. தம் அமைப்பு இதனைக் கண்டறிந்தது, தாம் அச்செய்திகளைத் தடுத்தோம் என்று அவர் கூறினார். இங்கே செயப்பாட்டு வினையைக் காணோம்! ‘எங்கள் அமைப்பு கண்டறிந்தது’, ‘நாங்கள் தடுத்தோம்’ எனச் செய்வினை கம்பீரமாக நடக்கிறது.

மியன்மாரின் பொதுத்தொண்டு அமைப்புகள் ஆறு சேர்ந்து அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதின. நீங்கள் கூறும் அமைப்பு நாங்கள்தாம். நாங்கள் கண்டு, நாங்கள் உங்களுக்கு எழுதினோம். அதற்குள் அம்மடல்கள் நாட்கணக்கில் பரவிவிட்டன என்பது அதன் சாரம். அவர் மறுமொழி அனுப்பினார். அவ்வமைப்புகளின் பங்கைப் போதிய அளவு தெளிவாகக் கூறாமைக்கு வருந்துவதாக அதில் எழுதினார். வருத்தமும் ‘கூறாமை’ என்ற எதிர்மறைக்கே என்பதை நோக்குக. நன்மை நிகழ்ந்த இடத்தில் எழுவாய் உரத்துப் பேசுகிறது. தீமை நிகழ்ந்த இடத்தில் தோன்றாமல் போகிறது.

மொழியைப் பற்றிப் பேசுகையில் மற்றொன்றையும் கூறாமல் விட முடியாது. 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முறையீட்டுக்கு உள்ளான பதிவுகளைப் பார்வையிடப் பர்மிய மொழி அறிந்தோர் முகநூலில் இருவரே இருந்தனர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளிப்படுத்தியது. அவ்வாண்டில் அந்நாட்டில் அதனைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 1.8 கோடி. மியன்மாரில் காணும் கலாக்களையெல்லாம் கொல்லுங்கள், ஒருவரையும் உயிரோடு விடாதீர்கள் என்ற பொருளுடைய ஒரு பதிவை, மியன்மாரில் தனக்கு ஒரு வானவில் இருக்கக் கூடாது என்று நிறுவனத்தின் மொழிபெயர்ப்புப் பொறி பெயர்த்திருந்தது. எழுத்துருச் சிக்கலும் கூடியிருந்தது. மியன்மார் மக்கள் பெரிதும் சாவ்ஜி என்னும் உள்ளூர் எழுத்துருவில் எழுதினர். ஒருங்குறிக்குப் பழகிய பொறிக்கு அது புரியாத கிறுக்கல். ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சிட்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தைத் தமிழர்களாகிய நாமும் கண்டிருக்கிறோம்.

‘கலா’ என்ற அச்சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பர்மியர் அதனை இந்தியத் துணைக்கண்டத்து வழிவந்தோரை இழித்துக் கூற வழங்குகின்றனர். ரோஹிங்கியரும் கலா, செட்டிநாட்டுக் கடைக்காரரும் கலா, இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழ்க் கூலியும் கலா. 1942 ஆம் ஆண்டில் நடந்தே நாடு திரும்பியோரும், 1962 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் கடைகள் நாட்டுடைமையாகிக் கப்பலேறியோரும் அச்சொல்லைக் கேட்டுத்தான் புறப்பட்டனர். மணிப்பூர் எல்லையில் மோரே ஊரில் தங்கிவிட்டவர்கள் அங்கே ஒரு தமிழ்ச் சங்கமும் நிறுவினர். வேற்றூரில் சங்கம் வைத்து வாழும் நமக்கு, அந்த ‘வானவில்’ மொழிபெயர்ப்பு வேடிக்கைச் செய்தியாக இருக்க முடியாது.

நம் தாயகமும் இதற்குப் புறம்பாக நிற்கவில்லை. இதே நிறுவனத்துக்கு உரிய வாட்ஸப் வழியே, வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்ற வதந்தி 2018 மே மாதத்தில் தமிழகத்தில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். ‘கொல்லப்பட்டார்’ என்று நானும் செயப்பாட்டு வினைதான் எழுதுகிறேன். ‘ஆல்’ சேர்ப்பதானால் ‘ஊராரால்’ என்று சேர்க்க வேண்டும். சூலையில் மகாராட்டிர மாநிலத்துத் துலே மாவட்டத்தில் ஐவர் இவ்வாறே மாண்டனர். அயலார், ஊர் மொழி சரிவரப் பேசாதார், வழிப்போக்கர் ஆகியோரே இத்தகைய வதந்திக்கு இரையாயினர். மைய அரசு கடிந்து எழுதிய பின், அதே சூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்துக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. முடியாத செயலன்று அது. கேட்பார் வேண்டியிருந்தது.

கேட்பதற்கும் ஓர் உரைநடை உண்டு என்பதற்கு நம் நாட்டுச் சான்று ஒன்று கூறுவேன். 2015 திசம்பரில், சில இணையதளங்களை மட்டும் கட்டணமின்றித் தரலாமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. முகநூல் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாக ஒரே அச்சில் வார்த்த மடல்களை மக்கள் பெயரால் இலட்சக்கணக்கில் அனுப்புவித்தது. ஆணையம் 2016 சனவரியில் எழுதிய மடலை, கோப்பெழுதும் தொழிலில் இருப்போர் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் கேட்ட வினாக்களுக்கு இம்மடல்களில் விடை இல்லை. பொருள் பொதிந்த கலந்தாய்வை, ஏற்பாடு செய்த தலையெண்ணிக்கையாக நீங்கள் மாற்றுகிறீர்கள் என்று பட்டுக் கத்தரித்தாற்போல் அது கூறியது. ‘நீங்கள்’ என்ற எழுவாயை ஓர் அரசு அலுவலகம் அஞ்சாமல் எழுதிய அருமையான இடம் அது. 2016 பிப்ரவரி 8 அன்று அத்தகைய வேறுபட்ட கட்டணங்களை ஆணையம் தடை செய்தது. அதே 2016 ஆம் ஆண்டில்தான் மியன்மாரில் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே மடல் எழுத ஓர் ஆணையம் இல்லை.

சட்டத்திலும் இதே எழுவாய்ச் சிக்கலே. பிறர் தந்த செய்தியை வைத்து ஒரு தளத்தை வெளியீட்டாளர் என்றோ பேசியவர் என்றோ கொள்ளலாகாது என 1996 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப் பிரிவு கூறுகிறது. நம் 2000 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு, ‘இடையாள்’ என்று பெயரிட்டு, நிபந்தனையோடு பாதுகாப்பு அளிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் அண்மையில் ஒரு படி முன்னே சென்று, பெருந்தளங்கள் தம் செயல்முறையால் விளையும் தீங்குகளைத் தாமே மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும், தவறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 விழுக்காடு வரை தண்டம் என்று விதித்தது. அங்கே வினைமுதல் தளமே.

அரசுகளின் கையில் கட்டுப்பாடற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. 2021 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய மியன்மார் இராணுவம் முதலில் செய்தவற்றுள் ஒன்று முகநூலைத் தடுத்தது. மக்கள் ஒன்றுகூடாதிருக்கவே அத்தடை. ரோஹிங்கியர் மேல் கொண்ட பரிவால் அன்று.

2021 அக்டோபர் 5 அன்று முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சான்றளித்தார். அதே மாதம் 28 ஆம் நாள் நிறுவனம் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது. எழுவாயைத் தேடிக் கொண்டிருந்தோர்க்கு அதன் பெயரே மாறியது தற்செயலாகவும் இருக்கலாம்.

அகதி முகாம் இளைஞர்களின் வேண்டுகோள் ஒன்று எஞ்சியிருக்கிறது. காக்சு பசாரில் தங்கியிருக்கும் ரோஹிங்கியக் குழுவினர், முகாமில் கல்வித் திட்டமொன்றுக்கு 10 இலட்சம் டாலர் தருமாறு முகநூலைக் கேட்டனர். நேர்ந்த தீங்குக்கு ஈடாகவே கேட்டனர். 2021 ஆம் ஆண்டில் மறுப்பு வந்தது. முகநூல் நேரடியாக அறக்கொடைப் பணிகளில் ஈடுபடுவதில்லை என்பது அம்மறுமொழியில் கூறிய காரணம். இதனை ஆம்னஸ்டி அமைப்பு 2022 செப்டம்பரில் தன் அறிக்கையில் வெளியிட்டது.

அந்நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் ஈட்டிய நிகர இலாபம் 2,914 கோடி டாலர். நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: 10 இலட்சம் டாலர் என்பது அவர்கள் பதினெட்டு நிமிடங்களில் ஈட்டுவது. தொகையைவிட என்னை உறுத்துவது அச்சொல்லே. கேட்டவர்கள் ‘ஈடு’ என்றனர். மறுத்தவர்கள் அதனைக் ‘கொடை’ என்று மாற்றிப் படித்தனர். ஈடு என்றால் இழப்பை விளைத்தவன் ஒருவன் வேண்டும். கொடை என்றாலோ கொடுப்பவன் விருப்பம். இல்லை என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. எழுவாயை நீக்குவதற்கு அவர்களுக்கு இம்முறை செயப்பாட்டு வினைகூடத் தேவைப்படவில்லை. ஒரு பெயர்ச்சொல்லே போதியதாயிற்று. அவ்விளைஞர்களின் மனுவோ ஒவ்வொரு வரியிலும் செய்வினையால் எழுதத்தக்கது: நீங்கள் பரப்பினீர்கள், நாங்கள் வீடிழந்தோம், எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும்.